ஸரந்தீப் இரும்பும் வாப்பாவின் கோடாலியும்

எங்கள் வாப்பா 2003இல் வபாத்தானார். அவர் விட்டுச் சென்ற சாமான்களுள் ஒரு கோடாலி இருந்தது. அவர் கொடுக்க வேண்டியிருந்தவற்றுள் நான்கு மரைக்கால் நெல் இருந்தது. இரண்டும் ஒரே மனிதரோடு சம்பந்தப்பட்டவை. அந்தக் கோடாலியை அடித்தவரும் அவர்தான். நெல் சேர வேண்டியதும் அவருக்குத்தான்.

இளையவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்து வட்டைகளில் வேளாண்மை செய்தவர்கள் கொல்லருக்குக் காசு கொடுத்ததில்லை. மண்வெட்டி தட்டுவது, கொழு தீட்டுவது, வாக்கத்திக்கு வாய் வைப்பது எல்லாம் வருடம் முழுக்கக் கணக்கெழுதாமல் நடக்கும். சூடடிக்கும் நாளில் அவர் களவெட்டிக்கு வருவார். பொலியிலிருந்து அவருக்கென்று ஒரு பங்கு அளந்து போடப்படும். கொல்லர் தமிழர், வயற்காரர் முஸ்லிம் என்பது அந்த அளவையில் ஒரு தானியத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. அந்தச் சிறுபோகத்தை எங்கள் ஊரில் பலர் வெட்டவேயில்லை. வாப்பா அரைவாசியை வெட்டினார். கொல்லரின் ஊர் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைல் தூரம். அந்த இரண்டு மைலை அதன்பிறகு நீண்ட காலம் இந்தப் பக்கத்தாரும் கடக்கவில்லை, அந்தப் பக்கத்தாரும் கடக்கவில்லை. இரண்டு பக்கமும் மையித்துகள் விழுந்தன. அதைப் பற்றி நம்மவர்களும் அவர்களும் நிறையவே எழுதியிருக்கிறோம். நான்கு மரைக்கால் நெல்லைப் பற்றி யாரும் எழுதவில்லை.

"அந்த நெல்ல மறந்திராதங்க" என்று வாப்பா கடைசி நாட்களில் என்னிடமும் காக்காவிடமும் சொன்னார். நான் மறக்கவில்லை, போகவுமில்லை. பாதை திறந்தது, 2009இல் யுத்தமும் முடிந்தது. கொல்லர் இடம்பெயர்ந்து எங்கோ போய்விட்டார் என்று ஒருவர் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அவர் பழைய இடத்திலேயே உலை மூட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு விறகு வியாபாரி பேச்சுவாக்கில் சொன்னபோது எனக்கு அந்த வசதி போயிற்று. சென்ற கச்சான் காலத்தில், கோடாலியை ஓர் உரப்பையில் சுற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

கம்மாலை என்று சொல்லத்தக்கதாக இருந்தது நான்கு கம்பும் ஒரு தகரக் கூரையும்தான். அவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். என்னை அவருக்குத் தெரியவில்லை. உரப்பையைப் பிரித்துக் கோடாலியைக் கையில் எடுத்தார், நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார், கண்ணுக்குள் விரலை விட்டுத் தடவினார்.

"இது எண்ட கை" என்றார். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஆர்ர மகன்?"

சொன்னேன். வாப்பா இல்லை என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. நெல்லைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கோடாலிக்குத் திரும்பிவிட்டார். "வாய் செத்துப்போச்சு தம்பி. உருக்கு முழுக்கத் தேஞ்சு இப்ப வெறும் இரும்புதான் நிக்குது. புதுசா வாய் வைக்கவும் ஏலா, கண் வெடிச்சிருக்கு."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கடையில் இன்று வாங்கும் கோடாலி முழுக்க ஒரே உலோகம். பழைய கோடாலி அப்படியல்ல. உடம்பு மென்மையான இரும்பு. வாய் மட்டும் உருக்கு. இரண்டுக்கும் இடையிலுள்ள பேதம் நூறில் ஒரு பங்கு அளவான கரிதான். அந்த ஒரு பங்கு கரி சேர்ந்த இரும்பு கடினமாகும், கூர் பிடிக்கும். ஆனால் அடி தாங்காமல் தெறிக்கும். சேராத இரும்பு அடி தாங்கும், வளைந்தாலும் உடையாது. ஆனால் கூர் நிற்காது. அதோடு உருக்கு விலை கூடியது. ஆகவே வெட்டுகிற இடத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு உருக்கை வைத்து, மற்றதெல்லாம் இரும்பாகவே செய்வார்கள். உருக்குத் தீர்ந்தால் கோடாலி தீர்ந்தது. திரும்ப வாய் வைத்தால் திரும்பப் பிறக்கும். வாப்பாவின் கோடாலிக்கு மூன்று முறை வாய் வைத்ததாகக் கொல்லர் கணக்குச் சொன்னார்.

இதேமாதிரி ஒன்றைப் பழைய முறையில் அடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். லொறி வில்லுத்தகட்டில் அல்ல, இவருடைய தகப்பன் காலத்தில் அடித்தபடி. அவருக்குச் சிரிப்பு வந்தது. "கரத்தச் சில்லுப் பட்டம் ஒண்டு தேடிக் கொண்டாங்க. ஒரு பழைய அரமும் வேணும். சிரட்டக் கரி ரெண்டு மூட. அதோட" என்று என் கைகளைப் பார்த்தார், "நீங்களும் வரணும். எனக்கு இப்ப சம்மட்டி தூக்க ஆளில்ல."

காக்காவின் வளவுக்குப் பின்னால் உக்கிக் கிடந்த மாட்டுக் கரத்தையின் சில்லிலிருந்து இரும்புப் பட்டத்தைக் கழற்றினோம். ஒரு வெள்ளிக்கிழமை கழிந்து சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தேன். அவர் ஒரு பலகைக் குற்றியில் அமர்ந்தார். அடைகல் முன்னால், உலை இடப்பக்கம், வலக்கையில் ஒரு சிறிய சுத்தியல். என்னைச் சைக்கிள் றிம்மில் பட்டி போட்ட காற்றாடியைச் சுற்றச் சொன்னார். ஆட்டுத்தோல் துருத்தி அவருடைய தகப்பனோடு போய்விட்டதாம். சுற்றினேன். இரும்பு சிவந்ததும் சம்மட்டியை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அவர் குறட்டில் இரும்பைப் பிடித்தபடி சுத்தியலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுவார். அந்த இடத்தில் நான் ஓங்கி அடிக்க வேண்டும். அரை மணித்தியாலத்தில் என் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. அவர் நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை.

அப்போதுதான் றொபட் நொக்ஸ் ஞாபகத்துக்கு வந்தார். 1660இல் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடங்கள் சிறையிருந்த அந்த ஆங்கிலேயர், தப்பிச் சென்று 1681இல் வெளியிட்ட நூலில் கொல்லர்களைப் பற்றி ஒரு பகுதி எழுதியிருக்கிறார். வேலை கொண்டுவருகிறவன் இரும்பையும் கரியையும் தானே கொண்டுவர வேண்டும். துருத்தியை அவனே ஊத வேண்டும். பெரிய சம்மட்டியையும் அவனே அடிக்க வேண்டும். கொல்லன் தன் ஆசனத்தை விட்டெழும்பாமல் சின்னச் சுத்தியலால் வடிவத்தை மட்டும் சரிசெய்வான். தீட்டுகிற வேலையில்கூடப் பாதியை வந்தவன் தலையிலேயே கட்டிவிடுவான். கூலி என்பது அறுவடையின்போது ஒவ்வொருவனும் கொடுக்கும் குறிப்பிட்ட அளவு தானியம். இதை வாசித்தபோது கொல்லனின் பெருமிதத்தைக் கண்டு நொக்ஸ் சற்று எரிச்சலோடு எழுதியதாக எனக்குப் பட்டது. சம்மட்டியைக் கையில் பிடித்த பிறகு வேறு விதமாகத் தோன்றுகிறது. இரும்பு சூடாக இருக்கும் நேரம் மிகக் கொஞ்சம். அதற்குள் எங்கே அடிப்பது, எவ்வளவு அடிப்பது என்று அறிந்த ஒருவனின் கண் அசையாமல் ஓரிடத்தில் இருக்க வேண்டும். பலத்தை யாரிடமும் இரவல் வாங்கலாம். நொக்ஸ் எழுதியது கண்டிச் சிங்களக் கிராமத்தைப் பற்றி. முந்நூற்று நாற்பது வருடங்களுக்குப் பிறகு, கிழக்குக் கரையில், ஒரு தமிழ்க் கொல்லரின் முன்னால் அதே ஒழுங்கில் நான் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை நடந்த முறையைச் சொல்கிறேன். பட்டத்தில் ஒரு முழத்துக்கு அளந்து வெட்டினார். நடுப்பகுதியைச் சூடாக்கி மெலிதாக்கி இரண்டு பக்கமும் அகட்டினோம். அதுதான் பின்னால் கண்ணாகப்போகிற இடம். பிறகு ஒரு தடித்த இரும்பு ஆணியை நடுவில் வைத்து, பட்டத்தை ஒரு புத்தகத்தை மூடுவதுபோல மடித்தார். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவே, பழைய அரத்திலிருந்து வெட்டி ஆப்புப்போலத் தட்டிய உருக்குத் துண்டைச் செருகினார். இப்போது அது மூன்று தட்டு இரும்பு, ஒன்றாக்க வேண்டும்.

ஆணி இல்லை, பசை இல்லை, மின்சாரமும் இல்லை. சூடும் அடியும் மட்டும்தான். இரும்பு உருகுவதற்குச் சற்று முன்னால், அதன் மேற்பரப்பு வியர்த்ததுபோலப் பளபளக்கிற ஒரு கணம் உண்டு. கிட்டத்தட்ட 1200, 1300 பாகை. அந்தக் கணத்தில் இரண்டு இரும்புத் துண்டுகளைச் சேர்த்து அடித்தால் அவை பிறகு இரண்டல்ல. தூசும் துருவும் இடையில் நின்றால் ஒட்டாது; அதற்காக வெண்காரம் தூவினார். தகப்பன் காலத்தில் ஆற்று மணலாம். சிக்கல் எங்கே என்றால், உருக்கு இரும்பளவு சூடு தாங்காது. இரும்பு ஒட்டத் தயாராகும் நேரத்தில் உருக்குக் கருகத் தொடங்கிவிடும். "பூ விடும், பாத்துக்கொண்டிருங்க" என்றார். அவர் சொன்ன பூ உலையிலிருந்து எழும் வெள்ளைப் பொறி. ஒன்றிரண்டு பூ வந்தால் சரியான பதம். பூ சொரிந்தால் உருக்கு எரிகிறது.

முதல் முறை சொரிந்தது. பிழை என்னுடையதுதான். பயத்தில் காற்றாடியை நிறுத்தாமல் சுற்றிவிட்டேன். அவர் வெளியே எடுத்து ஒரு தட்டுத் தட்டியதும் உருக்குத் துண்டின் முனை காய்ந்த பாண்போல உதிர்ந்தது. என்னை அவர் ஏசவில்லை. துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அரத்தில் மிச்சமிருந்ததிலிருந்து இன்னொன்று வெட்டினார். "அரம் இன்னும் இரிக்கு" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் முறை அவர் கையைத் தூக்கியதும் நான் நிறுத்தினேன். வெளியே வந்தது கண் கூசும் ஒரு வெண்மஞ்சள். முதல் அடியை அவரே, குழந்தையின் முதுகில் தட்டுவதுபோல, மிக மெதுவாக அடித்தார். பிறகு நான். மூன்றாவது அடியில் சத்தம் மாறியது. அதுவரை தகரத்தில் அடிப்பதுபோலிருந்த ஓசை ஒரே கட்டியில் அடிக்கும் ஓசையாயிற்று. அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

வன்மையையும் மென்மையையும் ஒன்றாக்கும் இந்த வித்தையைப் பற்றி நம்மவர் ஒருவர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். அபூ யூஸுப் யஃகூப் அல்-கிந்தி. அரபுகளின் தத்துவஞானி என்று பேர் பெற்றவர். 833 முதல் 842 வரை ஆட்சி செய்த கலீபா அல்-முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இயற்கையான இரும்பை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். கடினமானது ஆண், மென்மையானது பெண். இரண்டையும் சேர்த்து அடித்த வாள்களைத் தனி வகையாக்குகிறார். இவற்றுக்கு அப்பால், சுரங்கத்திலிருந்து நேரே வராமல் மனிதர்கள் செய்தெடுக்கும் உருக்கைப் பற்றிப் பேசுகிறார். அந்த உருக்கு வாள்களை வகைப்படுத்தும் இடத்தில்தான் ஸரந்தீப் என்ற பெயர் வருகிறது. ஸரந்தீபிலிருந்து கொண்டுவரப்பட்ட இரும்பால் குராஸானிலும் பாரசீகத்திலும் வாள்கள் அடிக்கப்பட்டன என்பதை அவர் ஒரு வியாபாரியின் துல்லியத்தோடு பதிவுசெய்கிறார். பக்தாதில் இருந்த ஒரு தத்துவஞானிக்கு எங்கள் தீவு முதலில் இரும்பாகத்தான் தெரிந்திருக்கிறது போலும்.

இந்த இடத்தில் ஒரு சலனம் ஏற்படுவது இயல்பு. ஸலாஹுத்தீன் ஐயூபியின் வாள் இலங்கை இரும்பு என்று மேடையில் முழங்கியவர்களை நான் கேட்டிருக்கிறேன். பட்டுத் துணியைக் காற்றில் விட்டு வாளால் இரண்டாக்கிய அந்தக் கதை வோல்டர் ஸ்கொட் 1825இல் எழுதிய நாவலில் வருவது. நாவலை வரலாறென்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அல்-கிந்தி சொன்னதே நமக்குப் போதும்.

அல்-கிந்தி சொன்ன இரும்பு இங்கே எங்கே செய்யப்பட்டது என்ற கேள்விக்கு நீண்ட காலம் சரியான விடை இருக்கவில்லை. கொல்லர் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு அந்த விடையை ஞாபகப்படுத்தியது. பகல் ஏற ஏறக் கச்சான் பலமாக அடித்து உலைக் கரி தானாகவே தணலாயிற்று. "கச்சானுக்கு ஊதத் தேவல்ல தம்பி, கொஞ்சம் கைய ஆத்துங்க" என்றார்.

நமக்குக் கச்சானாக வரும் காற்று தென்மேல் பருவக்காற்றுத்தான். மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, காய்ந்து, சூடேறி எங்கள் கரைக்கு வந்து சேர்கிறது. மலைநாட்டின் தெற்குச் சரிவில், பலாங்கொடைக்கு அப்பால் வளவை கங்கையின் மேற்பகுதியில், அதே காற்றை ஒரு காலத்தில் துருத்தியாகப் பாவித்திருக்கிறார்கள். சமனலவெவ நீர்த்தேக்கம் அமைக்கப்படுவதற்கு முன்னர், 1990, 91ஆம் ஆண்டுகளில் அந்தப் பகுதியை ஆய்வுசெய்த ஜில் ஜூலெஃப் என்ற பிரித்தானியத் தொல்லியலாளர், மேற்கைப் பார்த்த குன்றுச் சரிவுகளில் 77 இரும்புருக்கும் களங்களைக் கண்டுபிடித்தார். எங்கள் இரண்டு மைல் பாதை மூடிய அதே வருடத்தில் தீவின் இன்னொரு மூலையில் அவர் உலைகளை எண்ணத் தொடங்கியிருக்கிறார். அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. அல்-கிந்தியின் காலம் அதற்கு நடுவில் விழுகிறது.

உலைகளின் அமைப்பு விசித்திரமானது. நாம் எதிர்பார்ப்பதுபோல் உருளையாக, உயரமாக இல்லை. நிரந்தரமான பின்சுவர், காற்றைப் பார்த்து நீளமான ஒரு களிமண் முன்சுவர், அதன் அடியில் வரிசையாகக் களிமண் குழாய்கள். காற்று குழாய்க்குள் வெறுமனே ஊதிப் புகுவதில்லை. முன்சுவரின் உச்சியை உரசிக்கொண்டு காற்று மேலே போகும்போது சுவருக்குப் பின்னால் அமுக்கம் குறைகிறது. அந்தக் குறைவு கீழேயுள்ள குழாய்களின் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. காற்று ஏறி இறங்கினாலும் உலை ஒரே சீராக எரியும். ஒவ்வொரு முறையும் முன்சுவரை உடைத்துத்தான் இரும்பை எடுப்பார்கள். அடுத்த முறைக்குச் சுவரைப் புதிதாகக் கட்டுவார்கள். காற்றை மட்டும் நம்பி இரும்பு உருக்க முடியாது என்று அறிஞர்கள் தள்ளிவைத்திருந்த காலத்தில், ஜூலெஃப் அதே இடத்தில், அதே வடிவத்தில் உலை கட்டி 1994இல் உருக்கிக் காட்டினார். வெறும் இரும்பு அல்ல, கரி மிகுந்த உருக்கே நேரடியாகக் கிடைத்தது. 1996 ஜனவரியில் 'நேச்சர்' சஞ்சிகையில் அது வெளியானது.

1980களில் நான் வாப்பாவோடு ஜெய்லானிக்குப் போயிருக்கிறேன். பலாங்கொடையில் பஸ் மாறிக் கல்தொட்டைப் பாதையில் போனோம். கூரகல மலையில் நின்றபோது என் தொப்பியைக் காற்றுக் கொண்டுபோனது ஞாபகமிருக்கிறது. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பக்கம் போய் வருகிறார்கள். அந்த வட்டாரத்து மண்ணுக்குள் கிட்டங்கள் கிடப்பதை நான் ஒரு நூலில் வாசித்துத்தான் அறிய வேண்டியிருந்தது. பல களங்கள் இப்போது 1992இல் பூர்த்தியான நீர்த்தேக்கத்தின் அடியில்.

அதே பலாங்கொடைப் பக்கத்தில் வேறொரு முறையும் இருந்தது. இரும்புத் துண்டோடு ஆவாரை மரச் செதுக்கல்களைச் சிறு களிமண் குகைக்குள் வைத்து மூடி, கரி நெருப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சுவது. மரம் கரியாகி, கரி இரும்புக்குள் போய், உள்ளே எல்லாம் உருகி உருக்குக் கட்டியாகும். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, 1900களின் ஆரம்பத்தில் அலுத்நுவரவில் இதைச் செய்விக்கப் பார்த்து, 1908இல் வெளிவந்த தனது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் பதிவுசெய்தார். செய்து காட்டியவர்கள் முதியவர்கள். அதற்கு முன்பே இறக்குமதி இரும்பு மலிவாக வந்து அவர்களுடைய தொழிலைத் தின்றுவிட்டிருந்தது. கலை விமர்சகர் என்று நாம் அறிந்த குமாரசுவாமி முதலில் ஒரு புவியியலாளர் என்பதை இலக்கியக்காரர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

நம்மவர் வரலாறு என்று நாம் எழுதிய நூல்களை நான் ஓரளவு வாசித்திருக்கிறேன். கப்பல் வருகிறது, மாணிக்கம் ஏறுகிறது, கறுவா ஏறுகிறது, யானை ஏறுகிறது. நாம் எப்போது வந்தோம், யாருடைய சந்ததி, எந்த அரசன் எங்கே நிலம் தந்தான் என்பதில்தான் நம் மை முழுக்கச் செலவாகியிருக்கிறது. காரணம் புரியாததல்ல. நீ யார் என்று அடிக்கடி கேட்கப்படுகிறவன் வரலாறு எழுதும்போது உறுதி எழுதுவதுபோலத்தான் எழுதுவான். ஆனால் அந்தச் சரக்குப் பட்டியலில் இரும்பு இல்லை. அம்பாந்தோட்டைக்கு அருகே கொடவாயக் கடலடியில் மீனவர்கள் கண்டுபிடித்த ஏறத்தாழ 2000 வருடப் பழமையான கப்பலில் இரும்பும் இருந்தது. அல்-கிந்தி எழுதியிருக்கிறார். இருந்தும் நாம் இரும்பை ஏற்றவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: மாணிக்கத்தைப் பேசினால் வியாபாரியோடு பேச்சு முடிந்துவிடும். இரும்பைப் பேசத் தொடங்கினால் அதைச் செய்தவனைப் பேசவேண்டி வரும். மலைச்சரிவில் காற்றுக்குக் காத்திருந்தவன் நம்மவனல்ல. வாக்கத்திக்கு வாய் வைத்தவனும் நம்மவனல்ல. நம் வரலாற்றில் அவர்களை எந்த அத்தியாயத்தில் உட்காரவைப்பது என்று நமக்குத் தெரியவில்லை.

நபி (ஸல்) அவர்கள் யாசகம் கேட்டு வந்த அன்ஸாரித் தோழரின் போர்வையையும் கிண்ணத்தையும் இரண்டு திர்ஹங்களுக்கு விற்று, ஒரு திர்ஹத்துக்குக் கோடாலி வாங்கச் செய்து, தங்கள் கையாலேயே அதற்குப் பிடி போட்டுக் கொடுத்து விறகு வெட்ட அனுப்பிய செய்தி அபூதாவூதில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு. எங்கள் மதரஸாப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது மனப்பாடம். விலை தெரியும், வாங்கியவர் தெரியும், பிடி போட்ட கை தெரியும். அந்த இரும்பை அடித்தவனைப் பற்றி ஒருநாளும் நான் உஸ்தாதிடம் கேட்டதில்லை. கப்பாப் இப்னு அல்-அரத் (ரழி) அவர்கள் மக்காவில் கொல்லராக இருந்தார்கள் என்பதும், ஆஸ் இப்னு வாயில் அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் ஏளனம் செய்தான் என்பதும் புகாரியிலேயே வருகிறது. அந்த ஹதீஸை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். காற்றாடியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அது என்னைக் குத்தியதுபோல் முன்பு ஒருபோதும் குத்தியதில்லை.

அஸருக்குப் பிறகு தோய்ச்சல். கம்மாலையின் மேற்குப் பக்கத்தில் இரண்டு சாக்குகளைத் தொங்கவிட்டார். இருட்டில்தான் இரும்பின் நிறம் உண்மை சொல்லுமாம். வாயை மட்டும் செங்கல் நிறத்தைத் தாண்டிச் சிவக்கவைத்து, இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீரில் அமிழ்த்தினார். சீறிய சத்தம் அடங்கியதும் எடுத்து, உடைந்த சாணைக்கல்லால் வாயை அவசரமாகத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். பின்புறத்தில் சூடு இன்னும் தேங்கியிருந்தது. அந்தச் சூடு வாயை நோக்கி ஊர்ந்து வர, பளபளத்த உருக்கில் நிறம் ஏறத் தொடங்கியது. முதலில் வைக்கோல் நிறம். "கத்தியெண்டா இதில நிப்பாட்டணும்" என்றார். பிறகு மண்ணிறம். பிறகு, மெதுவாக, கத்தரிப்பூ. அந்தக் கணத்தில் முழுவதையும் தண்ணீரில் போட்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நீலமாகி வாய் மடங்கும். முந்தியிருந்தால் முதிரைக் கணுவில் தெறிக்கும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிந்தது. மெய்யாகவே உருக்குச் செய்வதைவிட இதுதான் பெரிய வித்தையென்று எனக்குப் பட்டது. எழுதிவைக்க முடியாத வித்தை. கத்தரிப்பூவில் எத்தனை நிறமுண்டு என்பதை எந்தப் பேனா சொல்லும்?

அவருக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். ஒருவர் கட்டாரில், மற்றவர் திரும்பி வரவில்லை. எங்கிருந்து திரும்பி வரவில்லை என்று நான் கேட்கவில்லை.

சாவண்டலைப் பிடி ஒன்றை ஏற்கெனவே சீவிவைத்திருந்தார். வாப்பாவின் கோடாலிக்கும் சாவண்டலைதான். குலத்தைக் கெடுக்கும் கோடாலிக்காம்பு என்று எல்லாப் பழியையும் மரத்தின் மேல் போட்டுவிடுகிறோமே என்று சொன்னேன். "மரம் சும்மா இரிக்கும் தம்பி, பிடிக்கிற கைதான்" என்றார். பக்கத்தில் கிடந்த ஒரு காய்ந்த பாலைக் கட்டையை எனக்குக் காட்டினார். வெட்டினேன். ஐந்தாறு வெட்டுக்குப் பிறகு வாயை விரலால் தடவிப் பார்த்தார். வாப்பாவின் கோடாலியைத் திரும்பவும் உரப்பையில் சுற்றி என்னிடமே தந்தார்.

வேலைக்கு இன்று நாட்கூலி என்னவோ அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு நான் நெல்லைப் பற்றிச் சொன்னேன். 1990 சிறுபோகம், நான்கு மரைக்கால், வாப்பா சொன்ன வார்த்தை எல்லாவற்றையும். அதற்குரிய காசைக் கணக்குப் பார்த்து ஓர் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவர் உறையைத் தொடவில்லை.

"நாலு மரக்கால்தான். எனக்கும் ஞாபகம் இரிக்கு" என்றார். "ஆனா அது நெல்லு தம்பி. காசில்ல. நீங்க இன்னும் வயல் செய்றீங்களா?"

நான் செய்யவில்லை, காக்கா செய்கிறார் என்றேன்.

"அப்ப சூடடிக்கக்குள்ள பாப்பம்."

மாரிப் போகம் மார்ச்சில் வெட்டினோம். இப்போது சூடில்லை, பொலியில்லை. இயந்திரம் வயலுக்குள் இறங்கி வெட்டிக் குத்தி நெல்லை நேரே பைக்குள் கொட்டிவிட்டுப் போகிறது. மரைக்கால் எங்கள் வீட்டில் உம்மாவின் பழைய அறையில் ஒட்டடை பிடித்துக் கிடந்தது. கழுவிக் காயவைத்து, அதையும் இரண்டு பை நெல்லையும் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு காக்காவும் நானும் போனோம். பையை அப்படியே வைத்துவிட்டு வரலாம் என்று காக்கா நினைத்தார். கொல்லர் ஒரு பாயை விரித்தார். மரைக்காலை வாங்கி, விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, நான்கு முறை அளந்து கொட்டினார். மிஞ்சியதைப் பையோடு எங்கள் பக்கம் தள்ளிவைத்தார்.